முதுகைக் காட்டிய தபால்தலை

ஏலக்கூடத்துப் படியில் கால் வைப்பதற்கு முன்பே ஊசியார் மச்சினனுக்குத் தடை உத்தரவு போட்டுவிட்டார்.

"எதையும் தொடாதே. யாரையும் சிரிக்க வைக்காதே. மேஜைல பிஸ்கட் வச்சிருப்பாங்க, அது ஏலம் கேட்க வர்றவங்களுக்கு. அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காதே."

"நாமளும் கேட்கத்தானே வந்திருக்கோம், அத்தான்? அவங்க விலையைக் கேட்பாங்க, நாம வில்லங்கத்தைக் கேட்போம். ஆளுக்கு ஒரு பிஸ்கட் நியாயம்தான்."

ஊசியார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருடைய துப்பறியும் நிலையத்தின் பலகையில் நீளமான ஒரு பெயர் எழுதியிருக்கிறது. அதை முழுசாக வாசித்தவர்கள் குறைவு. ஆளும் ஒல்லி, பேச்சும் குத்தும் என்பதால் ஊரே அவரை ஊசியார் என்கிறது. மச்சினனுக்கு அந்தப் பலகை பாக்கியம்கூடக் கிடையாது. வாயாலேயே இரண்டு வேலையைக் கெடுத்துக்கொண்டு வந்து நின்ற தம்பியை, "உங்ககூட வச்சுக்குங்க, தனியா விட்டா யார்கிட்டயாவது உதை வாங்குவான்" என்று அவன் அக்கா தன் கணவர் தலையில் கட்டிவிட்டாள். அன்றிலிருந்து இன்ஸ்பெக்டர் முதல் பேப்பர்காரர் வரை எல்லாருக்கும் அவன் மச்சினன்தான்.

மாடிப்படி வளைவில் டீச்சர் காத்துக்கொண்டிருந்தார். பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவர். எப்போதும் இஸ்திரி கலையாத சேலையில் பார்த்த ஆளை, இன்று கசங்கிப் போய்ப் பார்க்க மச்சினனுக்கு என்னவோ போல் இருந்தது.

"நாளைக்கு ஜாமீன் மனு, சார்" என்றார், வணக்கம் சொல்வதற்குப் பதிலாக. "நேத்து தம்பியைப் பார்த்துட்டு வந்தேன்.  தூங்கறதே இல்லையாம். 'இந்தத் தடவையும் இல்லைன்னு சொல்லிட்டா நான் தாங்கமாட்டேன்கா'ன்னு சொல்றான். அவன் அப்படிப் பேசற பையனே இல்லை."

விஷயம் இதுதான். டீச்சரின் அப்பா தபால்தலை சேகரிப்போர் சங்கத்தின் தலைவர். சங்கத்தில் எல்லாரும் பெரியவர் என்றுதான் சொல்வார்கள். அவரிடம் பழுப்பு நிறத்தில் கப்பல் படம் போட்ட ஒரு தபால்தலை இருந்தது. ஓரத்தில் துளை போடும் வழக்கம் வருவதற்கு முன்னால், தாளாக அச்சடித்துக் கத்தரிக்கோலால் வெட்டி விற்ற காலத்துச் சரக்கு. உலகம் முழுக்கத் தேடினாலும் மிஞ்சியிருப்பது பதினொன்றுதான் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் பெரியவர் ஆல்பத்தைத் திறப்பார். குடும்பமும் சங்கத்துக்காரர்களும் சுற்றி நின்று மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார்கள். தொட யாருக்கும் அனுமதி கிடையாது.

போன மாதம் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து, இதை வைத்திருந்து என்ன செய்யப்போகிறோம், நல்ல விலை இருக்கும்போதே விற்றுவிடலாம் என்று அப்பாவை நச்சரித்திருக்கிறார்கள். பார்த்து விலை சொல்ல வெளியூரிலிருந்து ஒரு வியாபாரியையும் வரச் சொல்லிவிட்டார்கள். அவர் வர வேண்டிய நாள் காலையில் ஆல்பத்தில் அந்த இடம் காலி. அலமாரிக்கு இரண்டு சாவி. ஒன்று பெரியவரின் இடுப்பில், மற்றது மகனின் மேஜையில். போலீஸ் அதற்கு மேல் மூளையைச் செலவழிக்கவில்லை. லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்த பையனைக் கொண்டுபோய் உள்ளே வைத்தார்கள்.

இந்த நிலைமையில்தான் டீச்சர் ஊசியாரிடம் வந்தார். ஊசியார் முதலில் கேட்ட கேள்வியே மச்சினனுக்குக் கோணலாகப் பட்டது. யார் எடுத்திருப்பார்கள் என்று கேட்கவில்லை, "ஆல்பத்துக்கு வர்றதுக்கு முன்னாடி அது எதுல ஒட்டியிருந்தது?" என்று கேட்டார்.

பெரியவர் இளவயதில் வேலை பார்த்த அலுவலகத்தில், எரிக்கப் போட்டிருந்த பழைய கடிதக் குவியலில் கிடைத்தது அது. உறையோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, தட்டில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, தபால்தலையை மட்டும் பிரித்து எடுத்தார். அந்தக் காலத்தில் சேகரிப்பவர்கள் அப்படித்தான் செய்வார்களாம். உறையை என்ன செய்தார் என்று அவருக்கு ஞாபகமில்லை. டீச்சருக்கு ஞாபகம் இருந்தது. காலமான அம்மா அதில் பித்தான்களைப் போட்டு வைத்திருந்தார். தையல் பெட்டியைக் கவிழ்த்ததும் கிடைத்துவிட்டது.

இப்போது அந்த உறை ஊசியாரின் சட்டைப்பைக்குள், இரண்டு அட்டைகளுக்கு நடுவில். வலது மேல் மூலையில் தபால்தலை ஒட்டியிருந்த வெளுத்த சதுரம். அதன் இடது பக்கத்தில் அஞ்சல் முத்திரையின் பாதி வட்டம். மீதிப் பாதி தபால்தலையோடு போய்விட்டது.

"இன்னிக்கு ஏலத்துல ஒரு பழுப்புக் கப்பல் வருது" என்றார் ஊசியார். "பதினொண்ணுல ஒண்ணு. அதோட பாதி வட்டம் இதோட சேர்ந்துதுன்னா அது உங்கப்பாவோடது. விக்கக் கொடுத்தது யாருன்னு பிடிச்சா, தம்பி வெளியே வருவான்."

"சேரலைன்னா?" என்றார் டீச்சர்.

"சேரலைன்னா மச்சினனுக்கு ஒரு பிஸ்கட் வாங்கித் தந்துட்டு வீட்டுக்குப் போவோம்."

பார்வையிடும் அறையில் மருத்துவமனை வாசனை அடித்தது. வாசலிலேயே கைப்பேசிகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. நீள மேஜை, ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் ஒரு குட்டை விளக்கு. மேஜைக்கு அந்தப் பக்கம் வழுக்கைத் தலையும் கையில் தபால்தலையைத் தூக்கும் சாமண இடுக்கியுமாக மதிப்பீட்டாளர் உட்கார்ந்திருந்தார். அந்தச் சாமணத்தோடேயே பிறந்தவர் மாதிரி, பேசும்போதுகூட அதை ஆட்டிக்கொண்டுதான் பேசினார்.

"பழுப்புக் கப்பலா? வாங்க வந்திருக்கீங்களா, பார்க்க வந்திருக்கீங்களா?"

"பார்த்துட்டு முடிவு பண்ணலாம்னு" என்றான் மச்சினன். "பொண்ணு பார்க்கற மாதிரி."

மதிப்பீட்டாளர் சிரிக்கவில்லை. கறுப்பு அட்டையில் வைத்து அதை முன்னால் நகர்த்தினார். மச்சினன் ஏமாந்துபோனான். நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. மங்கிப்போன பழுப்பில் ஒரு கப்பல், அதன் பாய்மரத்தின் மேல் முத்திரையின் கறுப்பு வளைவு. இதற்காகவா ஒரு பையன் சிறையில் கிடக்கிறான் என்று அவனுக்கு எரிச்சல் வந்தது.

"இது இவ்வளவு விலை போகுமா, சார்?"

"நான் இந்த வேலைக்கு வந்த புதுசுல, இந்த வகையில ஒண்ணு இதே மேஜைக்கு வந்துச்சு. அப்ப அதை வித்திருந்தா ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம். அடுத்தது வந்தப்ப கார். அதுக்கு அடுத்தது ஒரு வீடு." சாமணம் காற்றில் படி ஏறியது. "தங்கம்கூட ஏறும், இறங்கும். இது இறங்கி நான் பார்த்ததில்லை. புதுசா அச்சடிக்க முடியாது பாருங்க. இருக்கிறதுல ஒண்ணு எரிஞ்சா, மிச்சத்துக்கு விலை கூடும்."

ஊசியார் அட்டையைப் பிரித்து உறையை வெளியே எடுத்தார். தபால்தலையை மதிப்பீட்டாளரின் சாமணத்தாலேயே உறையின் வெளுத்த சதுரத்தில் வைக்கச் செய்தார். விளக்கை இழுத்தார். மூன்று தலைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

வட்டம் மூடியது. உறையில் ஒரு தேதியின் முதல் பாதி, தபால்தலையில் மறுபாதி. வட்டத்தின் அடியில் அச்சு தேய்ந்து கோடு அறுந்த ஒரு சின்ன இடைவெளி. அதுகூட இந்தப் பக்கம் பாதியும் அந்தப் பக்கம் பாதியுமாகப் பொருந்தி நின்றது.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர் முட்டியது. மச்சினனுக்கு மேஜைமேல் ஏறிக் குதிக்கலாம் போல் இருந்தது.

மதிப்பீட்டாளருக்கோ வேறு கவலை. "ஐயோ" என்று உறையைப் பார்த்தே புலம்பினார். "யாருங்க இதைப் பிரிச்சது? கவரோட ஒரே ஒரு பழுப்புக் கப்பல்கூட உலகத்துல கிடையாது. ஒட்டினபடியே இருந்திருந்தா இந்தக் கட்டடத்தையே விலை பேசலாம். தண்ணில போட்டு... எந்தப் பாவி பண்ணினது?"

"எங்கப்பா" என்றார் டீச்சர், அழுகையும் சிரிப்புமாக.

வெளியே வந்து கைப்பேசியை வாங்கியதும் ஊசியார் இன்ஸ்பெக்டரைப் பிடித்தார். இன்ஸ்பெக்டரின் குரல் பக்கத்தில் நின்ற மச்சினனுக்கே கேட்டது.

"உங்க கவரை வச்சு நான் என்ன பண்றது, ஊசியார்? கடுதாசி போடறதா? பொருளுக்குச் சொந்தக்காரர் சொல்லட்டும், 'ஏலத்துக்கு வந்திருக்கிறது என்னோடது'ன்னு. ஒரு போன் போதும். உடனே ஆளை அனுப்பி ஏலத்தை நிறுத்தறேன். இல்லாம நான் அங்க வந்து நின்னா, என் தொப்பியைத்தான் ஏலம் விடுவாங்க."

நியாயமான பேச்சு. டீச்சர் அவசர அவசரமாக அப்பாவைக் கூப்பிட்டு, எல்லாரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டார்.

"அப்பா! நம்ம ஸ்டாம்ப் கிடைச்சிடுச்சுப்பா! நீங்க இன்ஸ்பெக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

 அந்தப் பக்கம் எங்கேயோ குழாயில் தண்ணீர் ஓடும் ஓசை கேட்டது.

"அது என்னோடது இல்லம்மா."

"இல்லப்பா, அம்மா வச்சிருந்த கவரோட வச்சுப் பார்த்தோம். வட்டம் அப்படியே சேருது."

"எதையும் எதோடயும் சேர்த்து வச்சா சேரும். என்னோடது இல்லைன்னா இல்லை. அங்க கலாட்டா பண்ணி சங்கத்து மானத்தை வாங்காதே. வீட்டுக்கு வா."

தொடர்பு அறுந்தது. டீச்சர் கைப்பேசியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வயசாச்சு, பயந்துட்டார் போல" என்றான் மச்சினன், அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று.

ஊசியாரின் முகம் இறுகியிருந்தது. "மச்சான், உன் செருப்பு காணாமப் போகுது. கிடைச்சிடுச்சுன்னு ஒருத்தன் போன் பண்றான். நீ என்ன கேட்பே?"

"எங்க இருக்கு, எவன் கால்ல இருக்குன்னு கேட்பேன்."

"பெரியவர் எங்கன்னும் கேட்கலை, எவன்கிட்டன்னும் கேட்கலை. டீச்சர் ஏலம்னு ஒரு வார்த்தை சொல்லலை. அவரோ அங்க கலாட்டா பண்ணாதேங்கறார்."

  ஊசியார் மறுபடி கைப்பேசியை வாசலில் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனார். மற்ற இருவரும் பின்னாலேயே ஓடினார்கள்.

"ஐயா, இதோட பின்பக்கத்தைப் பார்க்கலாமா?"

மதிப்பீட்டாளர் சாமணத்தால் தபால்தலையை லேசாகக் கவிழ்த்தார். வெளிறிய பின்பக்கம். அதன் கீழ் மூலையில், எள்ளைவிடச் சின்னதாக, நீல மையில் ஏதோ ஒன்று. ஊசியார் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு மச்சினனிடம் நீட்டினார்.

"மீன்" என்றான் மச்சினன். "குட்டி மீன். பசியில எனக்குத்தான் அப்படித் தெரியுதா?"

"மீனேதான்" என்றார் மதிப்பீட்டாளர். முதல் தடவையாக அவர் குரலில் பிரியம் தெரிந்தது. "என் குரு போட்டது. பழைய ஸ்டாம்ப் கைமாறும்போது, இது அசல்தான்னு பரிசோதகர் பின்னால தன்னோட முத்திரையைக் குத்தறது வழக்கம். ஆளுக்கு ஒரு சின்னம். அவருக்கு மீன். அந்த மீன் இருந்தா உலகத்துல எவனும் மறுபேச்சுப் பேசமாட்டான்."

"கைமாறும்போது மட்டும்தானா? சும்மா பார்க்கக் கொடுத்தா குத்தமாட்டாரா?"

"விக்கறவரும் வாங்கறவரும் எதிர்ல உட்காராம முத்திரைப் பெட்டியையே திறக்கமாட்டார். அதுல ரொம்பக் கறார்."

"இப்ப எங்கே இருக்கார்?"

"போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆச்சு. முத்திரை அச்சையும் அன்னிக்கே உடைச்சாச்சு. நான்தான் சுத்தியல் பிடிச்சேன். செத்தவர் சின்னத்தை வேற எவனும் குத்தக் கூடாது பாருங்க."

ஊசியார் மெல்ல டீச்சர் பக்கம் திரும்பினார். "பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி உங்க தம்பி என்ன பண்ணிட்டிருந்தான்?"

"ஆறாவது படிச்சிட்டிருந்தான்" என்றார் டீச்சர். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. "அப்ப... அவன் எடுக்கலை! சார், அவன் எடுக்கவே முடியாது!"

"யாருமே எடுக்கலை. கவர்ல ஒட்டியிருந்தப்ப முதுகுல குத்த முடியாது, உங்கப்பா பிரிச்ச பிறகுதான் கைமாறியிருக்கு. மீன்காரர் சாகறதுக்கு முன்னாடியே உங்கப்பா இதை வித்துட்டார்."

"ஆனா நான் பார்த்தேனே, சார். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பார்த்தேன். காணாமப் போறதுக்கு முந்தின வாரம்கூட..."

அங்கேயே அவர் குரல் நின்றுவிட்டது. முந்தின வாரம்கூட என் கண்ணால் பார்த்தேன் என்று போலீஸில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவரே அவர்தான். பொருள் வீட்டில்தான் இருந்தது என்பதற்குத் தம்பிக்கு எதிராக இருக்கிற முதல் சாட்சி அக்கா. இரண்டாவது சாட்சி, அதையே சொன்ன தம்பி.

கண்ணாடித் தாளுக்கு அடியில், தொடக் கூடாத தூரத்தில், இத்தனை வருஷமாக அவர்கள் பார்த்தது எதை? அதைக் கேட்க மச்சினனுக்கு மனம் வரவில்லை.

ஊசியார் மதிப்பீட்டாளர் பக்கம் குனிந்தார். ஒளிவுமறைவில்லாமல் விஷயத்தைச் சொன்னார். பையன் சிறையில் இருப்பதைச் சொன்னார். "கோர்ட்டுல நீங்க ஒரே ஒரு விஷயம் சொன்னா போதும், ஐயா. அந்த மீனைப் பத்தி."

மதிப்பீட்டாளர் தபால்தலையைத் திருப்பி, கப்பல் மேலே தெரியும்படி வைத்தார். அதைக் கறுப்பு அட்டையின் நடுவில் சரியாக நிறுத்துவதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எந்த மீன்?" என்றார்.

"ஐயா..."

"வழக்குல மாட்டின பொருள்னு ஒரு பேச்சு வந்தா, விக்கக் கொடுத்தவர் எங்களை உயிரோட விடமாட்டார். வெளிநாட்டு ஆசாமி, சும்மா இல்லை. எனக்கு இந்த மேஜையை விட்டா வேற எதுவும் தெரியாது. நேரமாச்சு, எடுத்துட்டுப் போகணும்." எழுந்தவர், டீச்சரின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "பின்னால எதுவும் இருந்ததா எனக்கு ஞாபகம் இல்லை, அம்மா. மன்னிச்சிடுங்க."

மச்சினன் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்திருப்பான். ஊசியார் அவன் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க அத்தான்! ஏலப் புத்தகத்துல இதோட படம் இருக்குமில்ல?"

"முன்பக்கம் மட்டும்தான் போடுவாங்க. முதுகை யாரும் அச்சடிக்கறதில்லை."

அவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஏலத்தைப் பார்த்தார்கள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. முன்வரிசையில் கைகள் தூக்கத்தில் அசைவது போல மெல்ல ஏறி இறங்கின. விலை மட்டும் ஓடியது. ஸ்கூட்டரைத் தாண்டி, காரைத் தாண்டி, வீட்டையும் தாண்டிப் போனது. கடைசியில் கூடத்தில் இருந்த கைகள் எல்லாம் ஓய்ந்தன. சுவரோரம் தொலைபேசியைக் காதில் வைத்திருந்த ஒரு பெண் மட்டும் தலையசைத்துக்கொண்டிருந்தாள். சுத்தியல் விழுந்தது. யார் வாங்கினார் என்று யாருக்கும் தெரியாது. தொலைபேசியில் ஒரு குரல், அவ்வளவுதான். கப்பல் மறுபடி கடல் தாண்டப் போகிறது, முதுகில் மீனோடு.

டாக்ஸியில் டீச்சர் விடாமல் வழி தேடினார். "நான் சொன்ன சாட்சி தப்புன்னு கோர்ட்டுல சொல்றேன். நான் பார்த்தது நிஜ ஸ்டாம்ப் இல்லைன்னு சொல்றேன்."

"தம்பி மேல பாசம், அதான் மாத்திப் பேசறாங்கன்னு சொல்லுவாங்க" என்றார் ஊசியார். "சங்கத்துல பத்துப் பேர் பார்த்தோம்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. இதை உடைக்க ஒரே ஒரு வாய்தான் இருக்கு. உங்கப்பா வாய்."

பெரியவரின் அறை சுத்தமாக இருந்தது. சுவர் முழுக்க ஆல்பங்கள், முதுகில் எண் போட்டு வரிசையாக. மேஜைமேல் லென்ஸ், சாமணம், தண்ணீர்த் தட்டு. பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஊசியார் உறையை மேஜைமேல் வைத்து, மீன் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

பெரியவர் மறுக்கவில்லை. ஒளித்து ஒளித்து அலுத்துப்போன ஆள் மாதிரி தெரிந்தார்.

"கீழ் விளிம்பு ஒட்ட வெட்டினது" என்றார். "நாலு பக்கமும் வெள்ளை விளிம்பு அகலமா இருந்தாத்தான் முதல் தரம். என்னோடதுல கீழ்ப்பக்கம் கத்தரி கொஞ்சம் உள்ளே போயிடுச்சு. ஞாயித்துக்கிழமை எல்லாரும் பார்க்கறப்ப எனக்கு அது மட்டும்தான் கண்ணை உறுத்தும். அந்த நேரத்துல வெளிநாட்டு ஏலப் புத்தகம் ஒண்ணுல நாலு விளிம்போட ஒண்ணு வந்திருந்தது. இதைக் கொடுத்துட்டு, மேல கொஞ்சம் போட்டு அதை வாங்கிடலாம்னு கணக்குப் போட்டேன். கொடுத்தேன். நான் பணத்தைப் புரட்டறதுக்குள்ள அது ரெண்டு மடங்காயிடுச்சு. அப்புறம் நாலு மடங்கு. அப்புறம் நான் அந்த விலையைப் பார்க்கறதையே விட்டுட்டேன். நான் வித்தது இங்க ஏலத்துக்கு வருதுன்னு இந்த மாசப் புத்தகத்துலதான் பார்த்தேன்."

"அப்ப நாங்க பார்த்தது?" என்றார் டீச்சர்.

"புத்தகத்துல இருந்த படம். அசல் அளவுலயே போட்டிருந்தாங்க. வெட்டி வச்சேன். அழகா இருந்தது. நாலு விளிம்பும் அவ்வளவு சுத்தம்." பெரியவரின் விரல் காற்றில் ஒரு சதுரம் போட்டது. "வியாபாரி வரப்போறான்னதும் தண்ணில போட்டுக் கரைச்சேன்."

"நாளைக்கு இதைக் கோர்ட்டுல வந்து சொல்லுங்கப்பா. ஒரே ஒரு தடவை."

"அவன் எடுத்தான்னு நான் எங்கம்மா சொன்னேன்? காணோம்னுதான் சொன்னேன். அவனைப் பிடிச்சது போலீஸ்."

"நீங்க வாயைத் திறக்கலையே!" மச்சினனுக்குத் தன் குரலே அந்நியமாகக் கேட்டது. "பெத்த பிள்ளை ஐயா அவன்!"

"சின்ன வயசு. ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ, வந்து பிழைச்சுக்குவான்." பெரியவர் அவனைப் பார்க்காமல் ஆல்பங்களைப் பார்த்துச் சொன்னார். "திருட்டுக் கொடுத்தவனைப் பார்த்தா நாலு பேர் ஐயோ பாவம்னு சொல்லுவாங்க. இன்னமும் வந்து என் எதிர்ல உட்காருவாங்க. புத்தகத்துப் படத்தை வெட்டி வச்சு ஊரை ஏமாத்தினவன்னு தெரிஞ்சா இந்த அறைக்குள்ள யார் வருவா? எனக்கு இதை விட்டா என்னம்மா இருக்கு?"

டீச்சர் அவர் காலடியில் உட்கார்ந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். தம்பி தூங்காததைச் சொன்னார், தாங்கமாட்டேன் என்று அவன் சொன்னதைச் சொன்னார். அம்மா இருந்திருந்தால் என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் அழுதார். பெரியவர் மகளின் தலையைத் தடவிக் கொடுத்தார். முடியாதும்மா என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார், கோபமே இல்லாமல்.

ஊசியார் உறையை எடுத்து மறுபடி அட்டைகளுக்கு நடுவில் வைத்தார். அதை என்ன செய்வதென்று அவருக்கே தெரியவில்லை என்பது மச்சினனுக்குப் புரிந்தது.  அவனுக்கு அழுகைதான் வந்தது.

டீச்சர் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வாசலை அவர் எட்டியபோது பெரியவர் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"ஏம்மா."

டீச்சர் சட்டென்று திரும்பினார். அந்த முகத்தில் எழுந்த நம்பிக்கையை மச்சினன் பார்த்தான். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று பிறகு பல நாள் நினைத்தான்.

"எவ்வளவுக்குப் போச்சு?"

டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டார். கணக்கு டீச்சர், கேட்டால் பதில் சொல்லிப் பழகிய வாய்.

"எண்பத்திரண்டு லட்சம்."

பெரியவர் கண்களை மூடிக்கொண்டார். உதடுகள் மெல்ல அசைந்தன, கூட்டிக் கழித்துப் பார்ப்பவர் போல.

"கீழ் விளிம்பு மட்டும் சரியா இருந்திருந்தா" என்றார், "ஒரு கோடியைத் தொட்டிருக்கும்."